ஏழாவது வரி தேவையில்லை

குடிமக்கள் எண் ஆணையத்தில் ஒரு வேலை பதினோரு மாதம் நடந்தது என்றால், அதை யாரோ ஒரு புண்ணியவான் முதல் நாள் காலையிலேயே செய்து முடித்துவிட்டான் என்று அர்த்தம். மிச்ச நாளெல்லாம் அந்த அதிர்ச்சியிலிருந்து ஆணையம் மீண்டு வருவதற்கு. ஏதோ வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். வயிற்றெரிச்சல்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் நடந்ததும் இதுதான்.

அந்தப் புண்ணியவானுக்கு ஆபீசில் அரைப்புள்ளி என்று பட்டப்பெயர். கணினிப் பிரிவில் நிரல் எழுதுகிறவன். மேலதிகாரிகள் முன்னால் "ஆனா சார்..." என்று ஆரம்பிப்பான், அவர்கள் புருவத்தைத் தூக்கினால் அங்கேயே நிறுத்திவிடுவான். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டு மாடியில் குடித்தனம். அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கிளட்சை விடத் தெரியாத ஒரு தலைமுறைக்கே கத்திக் கத்திக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். இப்போது ஒரு வருஷமாக அவளால் கத்த முடியவில்லை. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுகிறாள். ஆபரேஷனுக்கு நாள் கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

இனி அந்த வேலைக்கு வருவோம். நாட்டில் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்று உண்டு. முதல் ஒன்பதும் ஆளுடையது, பத்தாவது காவலுக்கு. ஒன்பது இலக்கங்களையும் ஒவ்வொரு பெரிய எண்ணால் பெருக்கி, வந்ததை எல்லாம் கூட்டி, அந்தத் தொகையின் கடைசி இலக்கத்தைப் பத்தாவதாக ஒட்டிவிடுவார்கள். யாராவது எண்ணைத் தப்பாக அடித்தால் காவல் இலக்கம் பொருந்தாது, திரையில் சிவப்பு வரும். பொருந்தினால் பச்சை. ஆஸ்பத்திரியோ ரயில் டிக்கெட்டோ பள்ளிக்கூடமோ, பச்சை வராமல் எந்தக் கதவும் திறக்காது. இந்தக் கணக்கைப் போடும் நிரல் பதினாலு வரி. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய மொழியில், பீரோ அளவுள்ள ஒரு இயந்திரத்துக்காக எழுதியது. அந்த இயந்திரத்தைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. ஆகவே அந்தப் பதினாலு வரியையும் புது மொழிக்கு மாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அரைப்புள்ளி ஒரு காலைப்பொழுதில் மாற்றிவிட்டான். புது மொழியில் ஒன்பது வரிதான் வந்தது. அதில் ஏழாவது வரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய இயந்திரத்தால் 65,535 வரைக்கும்தான் எண்ண முடியும். அதற்கு மேல் ஒன்று கூடினாலும் காரில் கிலோமீட்டர் மீட்டர் சுற்றி வருகிற மாதிரி பூஜ்யத்துக்குத் திரும்பி மறுபடி முதலிலிருந்து எண்ணும். எண்ணில் எட்டும் ஒன்பதும் நிறைய இருப்பவர்களுக்குத் தொகை அந்த எல்லையைத் தாண்டிவிடும். தாண்டினதும் அது பாட்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றி ஒரு இலக்கத்தைக் கொடுத்தது, அதுவே கார்டிலும் அச்சாகிவிட்டது. கொடுத்த இயந்திரமே சரிபார்க்கவும் செய்ததால் ஒரு தொல்லையும் இல்லை. புது மொழிக்கு அப்படி எல்லை கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் எண்ணும். ஆகவே அரைப்புள்ளி ஏழாவது வரியில், 'தொகை 65,536-ஐத் தொட்டுவிட்டால் அதிலிருந்து 65,536-ஐக் கழி' என்று எழுதினான். பழைய இயந்திரம் செய்ததை இதுவும் செய்யும். கெட்டிக்காரத்தனமான வேலை.

இயக்குநர் அறைக்குப் போனான்.

"முடிச்சிட்டேன் சார்."

"எதை?"

"சரிபார்ப்புப் புரோகிராமை. புது மொழியில மாத்தியாச்சு."

இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல சார்."

"தெரிய வேண்டாம். பதினோரு மாசத்துக்கு அனுமதி வாங்கியிருக்கேன். பதினாலு வரிக்குப் பதினாலு பேர்னு எழுதியிருக்கேன். நீங்க டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி முடிச்சிட்டு வந்து நின்னா, அந்தப் பதினாலு பேர் எதுக்குன்னு மேலிடத்துல கேப்பாங்க. அதைக் கேட்டவங்க, இயக்குநர் எதுக்குன்னு கேக்க எவ்வளவு நேரமாகும்?"

அரைப்புள்ளி தலையை ஆட்டினான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

அடுத்த வாரம் நெறிப்படுத்தும் குழு அமைந்தது. குழுத் தலைவி ஓய்வு பெற்று மூன்றாவது தடவையாகப் பணிநீட்டிப்பில் இருந்தவர். கணினியை அவர் தொட்டதில்லை. தொடாததால்தான் நடுநிலையோடு இருக்க முடிகிறது என்று அவரே சொல்லிக்கொள்வார். குழுவுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு உதவியாளர் எழுந்து நின்று நிரலின் ஒரு வரியை மூன்று தடவை உரக்க வாசிப்பார். முதல் வாசிப்பு கேட்பதற்கு, இரண்டாவது யோசிப்பதற்கு, மூன்றாவது முந்தைய இரண்டு நேரமும் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு. பிறகு ஒப்புதலுக்குப் பச்சை அட்டையைத் தூக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்கு ஒரு வரிக்கு மேல் கூடாது.

முதல் வரிக்கு மூன்று கூட்டம் ஆனது. எண்ணிக்கைக்கு அரைப்புள்ளி ஒற்றை எழுத்தில் பெயர் வைத்திருந்தான். ஆணையத்தின் மாண்புக்கு ஒற்றை எழுத்து போதுமா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். விவாதித்து விவாதித்து, 'தற்போது பரிசீலனையில் உள்ள இலக்கத்தின் வரிசை நிலை எண்' என்று பெயர் மாற்றினார்கள். நாலாவது வரி, பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பி என்றது. அதற்குப் பெரிய கலவரமே நடந்தது. ஆணையத்தில் எதுவும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்ததாக முன்னுதாரணம் இல்லையாம். துணைக்குழு போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, 'இந்த ஒரு முறை மட்டும், எதிர்காலத்தில் இதை உரிமையாகக் கோரக் கூடாது என்ற நிபந்தனையோடு' பூஜ்யத்துக்கு அனுமதி கிடைத்தது.

எட்டாவது மாதம் ஏழாவது வரி வந்தது. உதவியாளர் மூன்று தடவை வாசித்தார். ஒரு பச்சை அட்டையும் எழவில்லை.

"இந்த அறுபத்தஞ்சாயிரத்து ஐநூத்து முப்பத்தாறு எங்கேருந்து வந்துச்சு?" என்று தலைவி கேட்டார்.

அரைப்புள்ளி எழுந்து நின்று இயந்திரத்தின் எல்லையை விளக்கினான். கிலோமீட்டர் மீட்டரையும் சொன்னான்.

"அதாவது, ஆணையத்தோட மெஷின் முப்பத்துநாலு வருஷமா தப்பாக் கூட்டியிருக்கு. அப்படித்தானே?"

"தப்புன்னு இல்லீங்க மேடம். அதால அவ்வளவுதான் முடியும். ஆனா மேடம், ஜனங்க கார்டுல..."

தலைவி புருவத்தைத் தூக்கினார். அரைப்புள்ளி நின்றான்.

"தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். இந்த வரி இருந்தா, எதுக்கு இருக்குன்னு குறிப்பு எழுதணும். குறிப்பு எழுதினா ஆணையம் தப்புப் பண்ணினதா எழுத்துல வந்துரும். வரி இல்லேன்னா குறிப்பு வேண்டாம். குறிப்பு இல்லேன்னா தப்பே நடக்கல. எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க!"

எல்லோரும் பாராட்டுகிற மாதிரித் தலையை ஆட்டினார்கள். 'ஏழாவது வரி தேவையில்லை' என்ற தீர்மானத்துக்குப் பச்சை அட்டைகள் மளமளவென்று எழுந்தன. எட்டு மாதத்தில் ஒரே கூட்டத்தில் முடிந்த ஒரே வரி அதுதான்.

அரைப்புள்ளி முழுக்க விட்டுவிடவில்லை. அடுத்து சோதனைப் பிரிவு இருக்கிறதே, அங்கே எப்படியும் தெரிந்துவிடும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். ஒரு லட்சம் கார்டு எண்களைப் பழைய நிரலிலும் புது நிரலிலும் ஓட்டி ஒப்பிடுவது சோதனை அலுவலரின் வேலை. ஓட்டினார். எழுநூற்று இருபது எண்களில் விடை ஒத்துப்போகவில்லை. அரைப்புள்ளிக்கு உயிர் வந்தது. ஆனால் ஒரு வாரத்தில் வந்த அறிக்கையில் நூற்றுக்கு நூறு ஒத்துப்போனதாக இருந்தது. ஓடினான்.

"அந்த எழுநூத்து இருபது என்னாச்சு சார்?"

"எடுத்துட்டேன்," என்றார் சோதனை அலுவலர்.

"எடுத்துட்டீங்களா?"

"பின்னே? புதுப் புரோகிராம் அதையெல்லாம் செல்லாத எண்ணுன்னு சொல்லுது. செல்லாத எண்ணை வெச்சு யாராவது சோதனை பண்ணுவாங்களா? எடுத்துட்டு மறுபடி ஓட்டினேன். ஒண்ணு விடாம ஒத்துப்போச்சு. இருவது வருஷ சர்வீஸ்ல எனக்கு ஒரு தடவைகூட தொண்ணூத்தொம்பது வந்ததில்ல, தெரியுமா? எப்பவும் நூறுதான்."

சும்மா சொல்லக்கூடாது, அந்த முகத்தில் கள்ளமே இல்லை. அரைப்புள்ளி தலையில் அடித்துக்கொண்டு திரும்பினான். அன்றைக்கு இதை மேலே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி. இதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

ஒன்றாம் தேதி புது நிரல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மேடை போட்டு, ஒரு பெரிய பொத்தானுக்கு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பொத்தானிலிருந்து எந்த ஒயரும் எங்கேயும் போகவில்லை. நிரல் காலை ஆறு மணிக்கே ஓட ஆரம்பித்துவிட்டது. இயக்குநர் பேசினார்: "பதினாலு வரியை எட்டு வரியாகக் குறைத்திருக்கிறோம். இதற்காக ஐம்பத்திரண்டு கூட்டங்கள், மூன்று குழுக்கள், ஆயிரத்து நானூறு பக்கக் கோப்பு. குறைப்பதற்கு இவ்வளவு பெரிய முயற்சியை வேறு எந்த அமைப்பும் எடுத்ததில்லை!" கைதட்டல் ஓயவே இல்லை.

நாலாம் தேதி காலை பதினோரு மணிக்கு அக்காவிடமிருந்து போன்.

"டேய், ஆபரேஷன் பதினெட்டாம் தேதின்னு குடுத்துட்டாங்க. ஆனா பதிவு பண்ண மாட்டேங்கறாங்க. நம்பர் தப்பாம். சிவப்பு வருதாம். என்னடா பண்ணித் தொலைச்சீங்க உங்க ஆபீஸ்ல?"

"நம்பரைச் சரியாச் சொன்னியா?"

"பத்து வயசுல குடுத்த நம்பர்டா! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எட்டு, ஒம்பது, ஒம்பது..."

அரைப்புள்ளி பேனாவை எடுத்தான். ஒன்பதுகளை எண்ணினான். அக்கா எண்ணில் நாலு ஒன்பது, மூன்று எட்டு. அங்கேயே தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தான். எழுபதாயிரத்து மூன்று. பழைய இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றி ஏழு என்று முடித்திருக்கிறது. ஏழாவது வரி இல்லாத புது நிரல் மூன்று என்று முடிக்கிறது. தன் கையால் எழுதிய வரி, தன் கண்ணெதிரே அடித்துப் போட்ட வரி, நேராகப் போய் அக்கா நெஞ்சில் விழுந்திருக்கிறது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி போனால் அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்துத்தான். ஐந்து மாதத்துக்கு அந்த வால்வு தாங்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

இயக்குநர் அறைக்கு ஓடி, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினான். இயக்குநர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"வருத்தமா இருக்கு. ஆனா நீங்களே யோசிங்க. அந்தப் புரோகிராமை மூணு குழு பாத்து சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கு. உங்க அக்காவை எந்தக் குழு பாத்துச்சு?"

"சார்?"

"ரெண்டுல ஒண்ணு தப்புன்னா, கையெழுத்து இல்லாததுதானே தப்பா இருக்கணும்? இன்னிக்குத் தேதியில நாட்டுல நாப்பத்தோராயிரம் பேருக்குச் சிவப்பு வருதாம். நாங்க கவலைப்படல. திருத்திரலாம்."

"புரோகிராமையா சார்?"

"ஜனங்களை."

ஏழாம் தேதி உள் விளையாட்டரங்கத்தில் 'குடிமக்கள் பிழைத்திருத்த முகாம்' திறந்தார்கள். வாசலில் இயக்குநர் படத்தோடு ஒரு பேனர்: தவறு செய்தவர்கள் தயங்காமல் வாருங்கள். இரண்டாயிரம் பேர் வரிசையில் நின்றார்கள். அக்காவுக்கு நிற்க முடியாது. அரைப்புள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே போய், வரிசை நகர நகர அதையும் நகர்த்தினான். மறுநாள் மதியம்தான் அவர்கள் முறை வந்தது. எழுத்தர் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எவ்வளவு காலமா நீங்க பிழையா இருக்கீங்க?"

"நான் பிழையா இல்லை," என்றாள் அக்கா.

"அப்படி ஒரு கட்டம் படிவத்துல இல்லம்மா. வருஷத்துல சொல்லுங்க."

"நாப்பத்துநாலு. பொறந்ததுலேருந்தே போட்டுக்குங்க."

"தெரிஞ்சே இருந்தீங்களா, தெரியாமலா?"

அக்காவுக்கு மூச்சு மட்டும் நன்றாக இருந்திருந்தால் அந்த அரங்கத்தின் கூரை இருந்திருக்காது. அரைப்புள்ளி அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். "தெரியாமல்" என்ற கட்டத்தில் எழுத்தர் டிக் அடித்தார். பழைய எண்ணை இனி நினைக்கவோ சொல்லவோ மாட்டேன் என்ற உறுதிமொழியில் அவள் கையெழுத்துப் போட்டாள். மூன்றில் முடியும் புது கார்டு ஒன்று கொடுத்தார்கள்.

பன்னிரண்டாம் தேதி அந்தக் கார்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பதிவு கவுண்டரில் இருந்த பெண் எண்ணை அடித்தாள். பச்சை! அரைப்புள்ளி பெருமூச்சு விட்டான். அந்தப் பெண் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"வால்வு ஆபரேஷன். பதினெட்டாம் தேதி."

"இந்த நம்பர்ல அப்படி ஒண்ணும் இல்லையே. ஸ்கேன் இல்ல, டெஸ்ட் இல்ல, ஒரு ஜுரம்கூட வந்ததில்ல." அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா இருக்கீங்க மேடம்."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவளுடைய வியாதி பூராவும் ஏழில் முடிகிற எண்ணில் இருந்தது. அதை அடித்தால் சிவப்பு, திறக்காது. மூன்றில் முடிகிற எண் திறந்தது, அதில் வியாதி இல்லை. ஒரு வருஷத்து ஸ்கேனை எல்லாம் மறுபடி எடுக்கலாமா என்று கேட்டார்கள். எடுக்கலாமாம், ஆனால் வியாதியே இல்லாத ஆளுக்கு ஸ்கேன் எழுதித்தர எந்த டாக்டருக்கும் அதிகாரம் இல்லையாம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா ஒன்றும் பேசவில்லை. எப்போதும் டிரைவருக்குப் பக்கத்தில் வருகிற வண்டியைப் பற்றி ஆயிரம் சொல்லுகிறவள், ஒரு பஸ் உரசிக்கொண்டு போனபோதுகூட வாயைத் திறக்கவில்லை. அதுதான் அரைப்புள்ளியைக் கலக்கிவிட்டது.

பதினாறாம் தேதி அவன் இயக்குநர் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், அந்த வரியை மறுபடி சேத்தாகணும். என்ன வேணும்னாலும் பண்றேன். வழி சொல்லுங்க."

இயக்குநர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவருக்கும் முகாம் கசந்துபோயிருந்தது. வரிசையில் நின்ற யாரோ பேனரில் அவர் படத்துக்கு மீசை வரைந்திருந்தார்கள்.

"குழு நீக்கினதைச் சேக்கணும்னா மறுபடி குழு கூடணும். ஒன்பது மாசம். ஆனா விதி இருபத்தேழு ஒண்ணு இருக்கு. பணியாளர் தன் சொந்தக் கவனக்குறைவால ஒரு வரியை விட்டுட்டதா எழுதிக் குடுத்தா, அன்னிக்கே சேத்துக்கலாம். குழு வேண்டாம்."

"ஆனா சார், நான் எழுதியிருந்தேனே. அவங்கதானே..."

"இங்க பாருங்க. ஆணையம் தப்புப் பண்ணாது. அதுக்குன்னுதான் பணியாளர்னு ஒருத்தரை வெச்சிருக்கோம்." அதை அவர் ரொம்பப் பரிவாகத்தான் சொன்னார். "உங்களுக்கு ஒரு மெமோ வரும். ரெண்டு வருஷம் பதவி உயர்வு இருக்காது. நெறிப்படுத்தும் குழுவுக்கு வரி வாசிக்கற உதவியாளராப் போகணும். அவ்வளவுதான்."

அரைப்புள்ளி மூன்று பிரதியில் எழுதினான். 'ஏழாவது வரியை என் கவனக்குறைவால் நானே விட்டுவிட்டேன்.' எழுதும்போது அவமானமாக இருந்தது. ஏனென்றால் அவன் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த வேலை என்று ஒன்று உண்டென்றால், அது அந்த வரிதான். கையெழுத்தைப் போட்டுவிட்டு, நேராகத் தன் இடத்துக்குப் போய் வரியைச் சேர்த்தான். பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு நாடு முழுக்க முப்பத்துநாலு வருஷமாக இருந்த மாதிரியே மறுபடி ஆகிவிட்டது.

பதினெட்டாம் தேதி காலை வெறும் வயிற்றோடு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனான். கவுண்டருக்குப் பக்கத்தில் போனபோதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. பழைய கார்டு! முகாமில் பழைய கார்டை வாங்கி வைத்துக்கொண்டுதானே புதியதைக் கொடுத்தார்கள்? கார்டு இல்லாமல் எண்ணைச் சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்களே!

அக்கா கைப்பையிலிருந்து பழைய கார்டை எடுத்து நீட்டினாள்.

"இது எப்படி உன்கிட்ட?"

"நீ நாற்காலியை எடுத்து வைக்கப் போனப்ப, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன். முப்பத்துநாலு வருஷமா வெச்சிருக்கற கார்டை, நீ தப்புன்னு சொல்றவன்கிட்ட யாராவது குடுப்பாங்களா? உங்க ஆபீஸ் ஆளுங்களை எனக்குத் தெரியாதா?"

பச்சை வந்தது. திரை நிறைய ஸ்கேன், டெஸ்ட், வால்வு. "வியாதி வந்துருச்சு மேடம்!" என்று அந்தப் பெண் சந்தோஷமாகக் கத்தினாள். அக்கா சிரித்தாள். பத்து மணிக்கு அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கவுண்டரில் சத்தம் கேட்டது. ஒரு லாரி டிரைவர். கையில் ஊன்றுகோல், முழங்காலில் கட்டு. புத்தம்புதுக் கார்டு ஒன்றை நீட்டிக்கொண்டிருந்தார்.

"சிவப்பு வருதுங்க," என்றாள் அந்தப் பெண்.

"எப்படிம்மா சிவப்பு வரும்? இந்தக் கால வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் வரிசையில நின்னு திருத்திக்கிட்டு வந்திருக்கேன்!"

அரைப்புள்ளி பெஞ்சிலிருந்து நிமிர்ந்து அந்தக் கார்டைப் பார்த்தான். அவன் வரியைச் சேர்த்ததும் பழைய எண்கள் சரியாகிவிட்டன. முகாமுக்குப் போய், சொன்னதைக் கேட்டுத் திருந்தி வந்தவர்கள் இப்போது தப்பாகிவிட்டார்கள். அக்கா பிழைத்துக்கொள்வாள் என்ற சந்தோஷத்தில் இதை அவன் யோசிக்கவே இல்லை. எழுந்து போனான்.

"அண்ணே, உங்க பழைய நம்பர் ஞாபகம் இருக்கா?"

"அதை மறந்துரணும்னு கையெழுத்து வாங்கிட்டாங்களே தம்பி. நானும் மெனக்கெட்டு மறந்துட்டேன்."

அரைப்புள்ளி தாளைத் தேடினான். பிறகு தேடுவதை நிறுத்தினான். முதல் ஒன்பதும் மாறவில்லை. கடைசி இலக்கம் மட்டும்தான். அறுபத்தைந்தாயிரத்து ஐநூற்று முப்பத்தாறைக் கழித்தால் கடைசி இலக்கத்தில் ஆறு குறையும். ஆறு குறைவதும் நாலு கூடுவதும் கடைசி இலக்கத்துக்கு ஒன்றுதான்.

"கார்டுல கடைசி நம்பர் என்ன?"

"எட்டு."

"நாலு கூட்டுங்க."

லாரி டிரைவர் விரல்விட்டு எண்ணினார். "பன்னெண்டு."

"முன்னாடி ஒண்ணை விட்டுருங்க. ரெண்டு. ரெண்டுல முடியற மாதிரி அடிச்சுப் பாருங்கம்மா."

அந்தப் பெண் கார்டைப் பார்த்தாள், அரைப்புள்ளியைப் பார்த்தாள், முழங்கால் கட்டைப் பார்த்தாள். அடித்தாள். பச்சை. உள்ளேயிருந்து அவருடைய எலும்பு முறிவு, எக்ஸ்ரேயோடு எழுந்து வந்தது.

"அட!" என்றார் லாரி டிரைவர். அவருக்குப் பின்னால் ஒரு கர்ப்பிணி, அவளுக்குப் பின்னால் கண்ணில் பஞ்சு வைத்த ஒருவர், எல்லோர் கையிலும் புதுக் கார்டு. லாரி டிரைவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாலு விரலைத் தூக்கிக் காட்டினார். "கடைசி நம்பரோட நாலு கூட்டிக்குங்கம்மா. பத்தோ அதுக்கு மேலயோ வந்தா முன்னாடி ஒண்ணை விட்டுருங்க. அவ்வளவுதான் சமாசாரம்." கர்ப்பிணி தன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பன்னிரண்டு மணிக்குள் கவுண்டர் பெண்ணே, "புதுக் கார்டா? நாலு கூட்டிச் சொல்லுங்க," என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.

ஒரு மணிக்கு இயக்குநர் போன் செய்தார்.

"என்னய்யா நடக்குது? முகாம்ல ஒரு ஈ காக்கா இல்ல. எட்டாயிரம் பேருக்கு மறுதிருத்தம் பண்ணணும்னு படிவம் அடிச்சு வெச்சிருக்கோம். எல்லாரும் நாலு கூட்டிக்கறாங்களாமே! எந்தக் குழு ஒப்புதல் குடுத்துச்சு? யார் அனுமதியில கூட்டறாங்க?"

அப்போது ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்து, "முடிஞ்சுது. வால்வு நல்லா மூடுது. கண்ணு முழிச்சதும் யாரோ கிளட்சை மெதுவா விடலைன்னு திட்டினாங்க," என்றார். அரைப்புள்ளி அந்த வராந்தாவில் அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. காதில் போன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"கேக்குதாய்யா? இந்த நாலு கூட்டற விஷயத்தை வெளியில சொன்னது யாரு? ஆள் எனக்கு உடனே தெரிஞ்சாகணும்!"

"நான்தான் சார்," என்றான் அரைப்புள்ளி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூணு பிரதி எடுத்து வைங்க. நாளைக்கு வந்து கையெழுத்துப் போடறேன். இது நெசமாவே நான் செஞ்சது."